எஞ்சின் நின்ற பிறகும் சுற்றிய சக்கரம்

டர்போவைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, இது ஏன் போனது என்று யோசித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். பிள்ளையாரை நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். இந்தக் கதையில் அவருக்கும் பங்கு உண்டு.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொழிலில் நான் விட்ட பிழையை மட்டும் பொறுக்காமல் வாசியுங்கள். எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது. ஒரு பழுதைப் பார்த்து ஒரு மனிதனுக்குத் தீர்ப்புச் சொன்ன கதை எந்தப் புத்தகத்திலும் இராது. அதனால்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

வேறு பகுதியில் வேலை செய்கிறவர்களும் வாசிப்பீர்கள் என்பதால் ஒரு சொல். டர்போ என்பது ஒரு தண்டும் அதன் இரண்டு பக்கத்திலும் இரண்டு சக்கரமும். ஒரு சக்கரத்தை எஞ்சின் கக்குகிற புகை சுற்றும். மற்றச் சக்கரம் அந்தச் சுழற்சியில் வெளிக் காற்றை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளும். நடுவில் தண்டைத் தாங்குவது இரண்டு வெண்கலப் புஷ். உண்மையில் தாங்குவது புஷ்கூட இல்லை, அதைச் சுற்றி நிற்கிற எண்ணெய்தான். தண்டு எண்ணெயில் மிதக்கிறது, புஷ்ஷும் எண்ணெயில் மிதக்கிறது. இரும்பு வெண்கலத்தைத் தொடாத வரைக்கும் அது சாகாது.

இதை நான் முதலில் குறட்டால் படித்தேன். ஒரு உழவு இயந்திரத்தின் டர்போவில் அலுமினியச் சக்கரத்தின் இதழ் ஒன்று வளைந்திருந்தது. குறட்டால் பிடித்து நிமிர்த்தினேன். கண்ணுக்கு நேராக இருந்தது. உழவு இயந்திரக்காரர் சந்தோசமாகக் கொண்டுபோனார். சந்தியைத் தாண்டவில்லை, ஊதல் சத்தம் ஊளையாகி நின்றது. தண்டு ஆடிப் புஷ்ஷைத் தின்றுவிட்டது. நடந்தே திரும்பி வந்தவர், “மெக்கானிக், நீர் நிமிர்த்தினது இதழையோ என்னையோ?” என்று கேட்டார். கண் நேர் என்று சொல்வதைச் சக்கரம் ஒப்புக்கொள்ளாது என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் கண்ணை நம்புகிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் வாகனம் திருத்துகிற என் கராச் கிளிநொச்சியில் இருந்தது. கராச் என்றால் ஒரு பாலை மரமும் நாலு தகரமும். போரால் தடை போட்டு, தெற்கில் இருந்து உதிரிப்பாகம் எதுவும் வராத காலம். எஞ்சின் எண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கண்டால் பிடவைக் கடையில் பட்டுச் சேலையைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். செத்த வாகனங்களைக் கழற்றி உயிரோடு இருக்கிறவற்றுக்குப் போட்டோம். இன்றைக்கு நினைத்தால் அந்த நாட்களில்தான் நான் நன்றாக வேலை செய்தேன் என்று தோன்றுகிறது. காலையில் திருநீறு பூசிக்கொண்டு வந்து தகரத்தைத் திறந்தால், பாலைப் பழமும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசம் வரும். அந்த வாசம் இப்போது எங்கேயும் இல்லை.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் லொறி என் பொறுப்பில் இருந்தது. வவுனியாவில் இருந்து நிவாரணச் சாமான் ஏற்றி வருகிற லொறி. கோதுமை மா, பருப்பு, சீனி. அது வந்தால் சங்க வாசலில் வரிசை நகரும், வராவிட்டால் சனம் வெறும் பையோடு வீட்டுக்குப் போகும். அதன் சாரதி மாரிமுத்து. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வந்து, வாய்க்கால் கரையில் குடியேறியவர். பேச்சில் மட்டும் மலைநாடு மாறவில்லை. லொறியைத் தன் மாடு மாதிரிப் பார்த்தார்.

அந்த லொறியின் பழைய டர்போ பெரிய சக்கரம் உள்ளது. மெதுவாகத்தான் மூச்சு எடுக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கொஞ்சம் யோசித்துத்தான் இழுக்கும். ஆனால் பல வருசம் ஓடியது. ஒருநாள் உள்ளே ஏதோ இரும்புத் துண்டு போய் அதன் இதழ்கள் உடைந்துபோயின. அதே மாதிரி ஒன்று கிடைக்கவில்லை. ஒரு சின்ன லொறியில் இருந்து கழற்றிய டர்போ என்னிடம் கிடந்தது. சின்னச் சக்கரம், மெல்லிய தண்டு. வாய் பொருந்துமாறு தகடு வெட்டி அதை ஏற்றினேன்.

என்ன இழுவை என்கிறீர்கள். மாரிமுத்து முதல் பயணம் போய்வந்து, “அண்ணே, வண்டிக்கு இளந்தாரி வயசு வந்திருச்சு. கால வைக்கிறதுக்குள்ள பறக்குது” என்றார். நான் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சின்னச் சக்கரம் சீக்கிரம் சுற்றத் தொடங்கும் என்பது தெரியும். பெரிய எஞ்சினின் புகை முழுவதும் அதற்குள்ளால் போனால் அது எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டிவரும், எவ்வளவு சூடாகும் என்பதை நான் யோசிக்கவில்லை. இழுவை வந்ததோடு என் யோசனை நின்றுவிட்டது.

இரண்டு மாதம் போகவில்லை, நீலப் புகை. கழற்றினேன். புஷ் தேய்ந்து தண்டு ஆடியது. புதுக்குடியிருப்பில் கடைச்சல் பட்டறை ஒன்றில், பழைய கப்பல் விசிறியின் வெண்கலத்தில் இரண்டு சோடி புஷ் கடைந்து எடுத்து வந்தேன். ஒரு சோடியைப் போட்டேன். அது ஒரு மாதத்தில் போனது.

இரண்டாவது முறை போனது ஒரு நிவாரண நாளில். லொறி சங்க வளவில் நின்றது. வரிசை வீதி வரைக்கும் நின்றது. சங்கத்தை நடத்துகிற முகாமையாளர் வெயிலுக்குள் வந்து என் தலைக்கு மேல் நின்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்துக்கும் வரிசைக்கும் நடுவில் நின்று காய்ந்துபோனவர்.

“சொல்லும் காணும். ஏன் இது திருப்பித் திருப்பிப் போகுது?”

தண்டைத் துடைத்துக் கையில் வைத்திருந்தேன். புஷ் இருந்த இடம் நீலமாக வெந்திருந்தது. தண்டு நீலம் என்றால் எண்ணெய் வரவில்லை. அதுதான் எனக்குத் தெரிந்த பாடம். எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்தும் பார்த்தேன். எண்ணெய் குறியில் சரியாக நின்றது. அதைக் கண்டேன். இப்போது ஊற்றியிருப்பார் என்று என் மனமே ஒரு விளக்கம் சொல்லியது. அந்த விளக்கத்தை எனக்கு யாரும் தரவில்லை. நானே செய்தேன்.

“எண்ணெய் போதாமல் ஓடியிருக்கு ஐயா” என்றேன்.

“மாதாமாதம் கேட்ட எண்ணெய் குடுத்தனாங்கள்தானே. அப்ப அது எங்க போனது?”

நான் குனிந்து தண்டை மறுபடியும் துடைத்தேன். வரிசையில் இருந்து ஒருவர் சொன்னார். “எங்க போகும். தோட்டக்காட்டார் வித்துத் திண்டிருப்பினம்.” மலையகத்தாரை இளக்காரமாகச் சொல்கிற சொல் அது. சிலர் சிரித்தார்கள்.

மாரிமுத்து என்னைத்தான் பார்த்தார். “அண்ணே, நீங்க சொல்லுங்க.”

நான் தண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்து முடிந்த தண்டை. எண்ணெய்க் களவு என்றால் அந்த நாளில் கதை சங்கத்தோடு நிற்காது, ஆயுதம் ஏந்தியவர்களின் விசாரணை வரைக்கும் போகக்கூடும், அது எனக்கும் தெரியும், அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். முகாமையாளர் கடதாசியும் பேனையும் நீட்டினார். ‘எண்ணெய் இன்றி ஓட்டப்பட்டதால் பழுது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மாரிமுத்து சாவியை மேசையில் வைத்துவிட்டு, வரிசைக்கு நடுவால் நடந்து போனார். அந்த வரிசையில் அவருடைய மனைவி பையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் வரிசையை விட்டு விலகிப் புருசனுக்குப் பின்னால் போனார். அந்தக் கிழமை முழுவதும் அந்த வீட்டுக்கு மா இல்லை.

கடைசிச் சோடி புஷ்ஷைப் போட்டேன். இதுவும் போனால் வேறு இல்லை. புதுச் சாரதி கிடைக்கும்வரை நானே ஓட்டுகிறேன் என்று சொன்னேன். எண்ணெயை நானே ஊற்றி, நானே ஓட்டினால் எப்படிப் போகிறது பார்ப்போம் என்ற வீம்பு. முகாமையாளரும் வவுனியாவில் அலுவல் இருப்பதாகச் சொல்லிப் பக்கத்தில் ஏறினார். எனக்கும் ஒரு கண்காணிப்பு என்று விளங்கியது.

போகும்போது சுமை இல்லை. திரும்பி வரும்போது மா மூட்டை முட்ட முட்ட ஏற்றியிருந்தது. வீதி குண்டும் குழியும். மாங்குளம் தாண்டியதில் இருந்து லொறி மூச்சுப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. கிளிநொச்சிக்கு முன்னால், அந்த வீதியில் ஓடுகிற எந்த வாகனமும் நிற்காமல் போகாத பிள்ளையார் கோயில். நானும் நின்றேன். நின்றவுடன் சாவியைத் திருப்பினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும் என்று மாரிமுத்துவுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். “சாமிக்கு முன்னால புகையைக் கக்கிக்கொண்டு நிக்கக் கூடாது. நிப்பாட்டிப்போட்டு இறங்கும்” என்று லொறியைக் கொடுத்த முதல் நாளே சொன்னேன். டீசலும் மிச்சம், பக்தியும் ஆச்சு. மாரிமுத்து ஒரு பயணமும் தவறவில்லை.

முகாமையாளர் இறங்கி, வறுத்த கச்சான் கடலை விற்கிற பெண்களிடம் போனார். நான் தேங்காயோடு இறங்கி, லொறியின் முன்னால் நின்றபடியே தலையில் குட்டத் தொடங்கினேன். எஞ்சின் நின்றுவிட்டது. காற்றும் இல்லை. அப்போது கேட்டது. எஞ்சினுக்குள் இருந்து மெல்லிய ஒரு ஊதல். நுளம்பு காதுக்குள் பறந்து ரீங்கரிப்பதுபோல். மூன்று தரம் குட்டி முடித்தேன், அது நிற்கவில்லை. தோப்புக்கரணம் போடக் காதைப் பிடித்தேன், இன்னும் கேட்டது.

கராச்சில் நான் எஞ்சினை நிறுத்துவது சும்மா ஓடவிட்டுப் பார்த்த பிறகு. அங்கே அந்தச் சத்தத்துக்கு இடமே இல்லை. முழுச் சுமையில் இழுத்துவந்து ஒரே அடியாக நிறுத்துகிற லொறியின் பக்கத்தில் நான் அதுவரைக்கும் நின்றதே இல்லை.

முகாமையாளர் கச்சானோடு வந்தார். “என்ன, தேங்காய் உடைக்கேல்லையோ?”

“ஐயா, சத்தம் கேக்குதோ?”

“என்ன சத்தம்? எஞ்சின்தான் நிண்டுபோச்சே.”

“அதுதான் ஐயா. எஞ்சின் நிண்டுபோச்சு. எண்ணெய்ப் பம்பும் நிண்டுபோச்சு. உள்ளுக்கு அது எண்ணெய் இல்லாமல் சுத்துது.”

அவர் குனிந்து காதைக் கொடுத்தார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது இறங்கி அடங்கியது. பிறகு கருகிய எண்ணெய் மணம் வந்தது. புகைப் பக்கத்துச் சக்கரம் கொல்லன் உலையில் இருந்து எடுத்த இரும்புபோல் சூடு. எண்ணெய் ஓட்டம் நின்றதும் அந்தச் சூடு தண்டு வழியாகப் புஷ்ஷுக்கு வரும். அங்கே தேங்கி நிற்கிற எண்ணெய் அடிப்பிடித்த சோறாகும். பழைய பெரிய சக்கரத்துக்கு இதே வேலையைத்தான் செய்தோம். அது மெதுவாகச் சுற்றியது, சூடு குறைவு, தடித்த தண்டு, அதனால் பொறுத்தது. நான் ஏற்றிய சின்னச் சக்கரம் பொறுக்கவில்லை. கிளிநொச்சிக்குள் சந்தை நெரிசலில் ஊர்ந்து வளவுக்குள் போகும்போது அது தானாக ஆறிவிடும். சூட்டோடு நிறுத்துகிற ஒரே இடம் பிள்ளையார் வாசல்.

தேங்காயை உடைத்தேன். அழுகல் இல்லாத வெள்ளைத் தேங்காய். எனக்குத்தான் அதைப் பார்க்கக் கூசியது.

கராச்சுக்கு வந்து, கழற்றிப் போட்ட பழைய புஷ்களைத் தகரப் பேணியில் தேடி எடுத்தேன். இரண்டு முறையும் ஒரே கதை. புகைப் பக்கத்துப் புஷ் கரிக்கட்டை. காற்றுப் பக்கத்துப் புஷ் மினுங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் வராமல் இருந்தால் இரண்டும் ஒன்றாகக் கருகியிருக்க வேண்டும். அத்தாட்சி என் பேணிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. நான் தண்டின் நீலத்தைக் கண்டவுடன் மற்றதைப் பார்க்கவில்லை. பிள்ளைகளே, ஒரு பழுதுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று மனம் ஆறுகிற அந்த நேரத்தில்தான் கவனமாக இருங்கள்.

முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன்.

“நீர் எழுதித் தந்த கடதாசி பைலில கிடக்கு” என்றார்.

“இன்னொண்டு எழுதித் தாறன்.”

“கடதாசிக்கு மேல கடதாசி வைச்சால் மேலிடம் என்னைத்தான் கேக்கும். உம்மட தொழிலையும் யோசியும். சாமி கும்பிடப் போய்க் கண்டுபிடிச்சனான் எண்டு சொன்னால், நாளைக்கு ஆர் உம்மட்ட வாகனம் விடுவான்?”

நான் வீட்டுக்குப் போய்ச் சாமி அறையில் நெடுநேரம் இருந்தேன். மனைவி விளக்குக்கு எண்ணெய் விட வந்து, கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார். “பிள்ளையாரிட்ட மன்னிப்புக் கேட்டு முடிஞ்சுதெல்லே. இனி எழும்பி, கேக்க வேண்டியவரிட்டப் போய்க் கேளுங்கோ.”

வாய்க்கால் கரையில் மாரிமுத்து மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைக்கவில்லை.

“வாங்க அண்ணே. இங்க ஆயில் எதுவும் கிடையாது. தேடிப் பாக்கிறதுன்னா பாருங்க.”

எல்லாம் சொன்னேன். சின்னச் சக்கரம், சூடு, பிள்ளையார் வாசல், பேணிக்குள் கிடந்த புஷ். அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார். அவர் மனைவி வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார்.

“இனிமே சாமி முன்னாடி எஞ்சினை ஓட விட்டுட்டு நிக்கணுமா?”

“ஓம். கும்பிட்டு முடியுமட்டும் ஓடட்டும். அது ஆறுற நேரமும் கும்பிடுற நேரமும் ஒண்டுதான். பிறகு நிப்பாட்டும்.”

“குத்தமாயிடாதா?”

“குத்தமெண்டால் என்ர தலையில.”

முதல் தடவையாக வாளியைக் கீழே வைத்தார்.

“அந்தக் காகிதத்தை மாத்தி எழுதிக் குடுத்திட்டேன்னு சொல்லாதீங்க. காகிதத்தை எவன் படிக்கிறான். என் பொஞ்சாதி இப்ப கியூவுக்குப் போறதில்ல. பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்டக் கார்டைக் குடுத்து விடுறா. கியூவுல சொன்னீங்க, கியூவுலயே வந்து சொல்லுங்க.”

அடுத்த நிவாரண நாளில் போனேன். முகாமையாளர் என்னைக் கண்டு தலையைக் குனிந்து கொப்பியைப் புரட்டினார், தடுக்கவில்லை. மாரிமுத்துவும் மனைவியும் வளவு வாசலில் நின்றார்கள். நான் மேடைப் பேச்சுத் தெரியாதவன். இரண்டு புஷ்ஷையும் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையைப் பார்த்துச் சொன்னேன்.

“நான் முந்தி இந்த இடத்தில சொன்னது பிழை. லொறியில எண்ணெய் குறையேல்ல. மாரிமுத்து ஒரு துளி எடுக்கேல்ல. பிழையான சாமானைப் பூட்டினதும் பிழையாச் சொன்னதும் நான்.”

முன்னால் நின்றவர்கள் புஷ்ஷை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு அக்கா கேட்டார். “அப்ப ரெண்டு கிழமை எங்கட மா பிந்தினதும் உன்னாலதானோ?”

“ஓம் அக்கா, என்னாலதான்.”

“நல்லா இரு” என்றார். வரிசை சிரித்தது. முகாமையாளர் மேசை லாச்சியில் இருந்து சாவியை எடுத்து மாரிமுத்துவிடம் நீட்டினார். மாரிமுத்து அதை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

“அண்ணே, அன்னைக்குக் கியூ ரோட்டு வரைக்கும் நின்னிச்சு. இன்னைக்குப் பாதிப் பேர்தான் வந்திருக்காங்க. மீதிப் பேருக்கு யாரு சொல்றது?”

அதற்கடுத்த கிழமையும் போனேன். அதற்கடுத்ததும். நாலாவது கிழமை நான் வாய் திறக்கும் முன்பே வரிசையில் இருந்த பெடியன்கள், “எங்களுக்கு மனப்பாடம், மெக்கானிக் அண்ணை. போய் வேலையைப் பாருங்கோ” என்றார்கள். மாரிமுத்துவின் மனைவி அன்றைக்குத் தன் கார்டோடு தானே வரிசையில் நின்றார். கடைசிச் சோடி புஷ், நாங்கள் போரில் இடம்பெயரும்வரைக்கும் ஓடியது.

சில வருசம் கழித்து, எல்லோரும் சிதறிப்போன பிறகு, புதுக்குடியிருப்பில் ஒரு மரத்தடியில் கராச் போட்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் உழவு இயந்திரத்தோடு வந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

“கிளிநொச்சியில எண்ணெய் வித்த ஒரு லொறிக்காரனைப் பிடிச்சுக் குடுத்த மெக்கானிக் நீர்தானே? கேள்விப்பட்டனான்.”

குறட்டைக் கீழே வைத்தேன். கதிரை ஒன்று இருந்தது, அதைத் துடைத்து அவருக்குப் போட்டேன்.

“இருங்கோ அண்ணை” என்றேன். “உங்கட வேலையைப் பிறகு பாப்பம். முதல்ல இதைக் கேளுங்கோ.”